கண் அழுத்தத்துக்கு ஒலியலைச் சிகிச்சை கேட்கப் போகும் முன்

என் வாப்பா இலங்கையின் மருதமுனையில் நாற்பது வருடம் தறியில் இருந்தவர். சாரத்தின் கரையில் ஓர் இழை தப்பினாலும் கண்டுபிடித்துவிடுவார். பக்கத்தில் வைத்த தேநீர்க் கோப்பையைத்தான் தட்டிவிடுவார். வயது என்று நினைத்தோம். குளுக்கோமா, அதாவது கண் அழுத்த நோய், என்று தெரிந்தபோது இடது கண்ணின் ஓரப்பார்வை பெரும்பாலும் போய்விட்டிருந்தது.

மருந்து போட்டும் கண் அழுத்தம் 28 மி.மீ. பாதரசத்தில் நின்றது. கட்டாரிலிருந்து தம்பி அழைத்தான்: "வெட்டாமல் அல்ட்ராசவுண்டால் செய்கிறார்களாம், கேட்டுப் பாருங்கள் ராத்தா."

கேட்கலாம். ஆனால் அது என்னவென்று விளங்கிக்கொண்டு கேளுங்கள். கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாவிட்டால் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு நசியும். 10 முதல் 21 வரை பொதுவாக இயல்பான அளவு. கருவிழிக்குப் பின்னால் வளையமாக இருக்கும் திசுதான் அந்த நீரைச் சுரக்கிறது. கண்ணை மரக்கச் செய்து, மோதிரம் போன்ற கருவியை மேலே வைத்து, அதன் 6 முனைகளிலிருந்து ஒலியலைகளைக் குவித்து அத்திசுவின் சில இடங்களைச் சூட்டால் கருக்குகிறார்கள். சில நிமிட வேலை. நீர் ஊறுவது குறையும். வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கும் ஸ்கேனும் இதுவும் ஒன்றல்ல. அது பார்ப்பதற்கு, இது சுடுவதற்கு. போன பார்வை இதனால் திரும்பாது. அதன் பிறகும் பலருக்குச் சொட்டு மருந்து தேவைப்படும்.

கிளினிக் கொப்பியையும், ஓரப்பார்வையை அளக்கும் பார்வைப் புலப் பரிசோதனைத் தாள்களையும், போடுகிற மருந்துப் போத்தல்களையும் கையோடு கொண்டுபோங்கள். இழுப்பு நோய் (ஆஸ்துமா) இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலோல் சொட்டு அவர்களுக்கு ஆபத்து. "எந்த வகைக் குளுக்கோமா? அழுத்தம் எவ்வளவுக்கு இறங்க வேண்டும்?" இந்த இரண்டையும் கேட்காமல் எழும்பாதீர்கள்.

இனி, எனக்கு மிக முக்கியமானது. போவதற்கு முன் ஒரு நாள் அருகில் உட்கார்ந்து நோயாளி தன் கண்ணுக்கு மருந்து போடுவதைப் பாருங்கள். நான் பார்த்தபோது வாப்பாவின் துளி இமையில் பட்டுக் கன்னத்தில் வழிந்தது. அவர் துடைத்துக்கொண்டு, "போட்டாயிற்று" என்றார். எத்தனை மாதம் அப்படிப் போனதோ, எனக்கு நெஞ்சு பதறியது.

கையைக் கழுவுங்கள். தலையைச் சாய்த்து, கீழ் இமையை விரலால் இழுத்தால் சிறிய பை போல விரியும். போத்தல் முனை கண்ணில் படாமல் அந்தப் பைக்குள் ஒரே ஒரு துளி. கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், சிமிட்டக் கூடாது. அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் பொறுங்கள். கை நடுங்குபவர்களுக்குப் படுக்கவைத்து நீங்களே போடுங்கள்.

இரண்டு மாதம் நான் போட்டேன். அழுத்தம் 17க்கு இறங்கியது. ஒலியலைச் சிகிச்சை இப்போதைக்கு வேண்டாம் என்றார் வைத்தியர்.

இந்த நோய் குடும்பத்தில் தொடரக்கூடியது. வாப்பாவின் அடுத்த கிளினிக் நாளில் என் கண்ணையும் காட்டப் போகிறேன். தம்பியையும் அங்கேயே பரிசோதிக்கச் சொல்லியிருக்கிறேன்.