பால்கனியில் மூன்று வாளி: காய்கறிக் கழிவை நாற்றமில்லாமல் உரமாக்க

சமையலறைக் கழிவை வீட்டிலேயே மட்க வைக்க ஆரம்பித்து, இரண்டாவது வாரத்தில் நாற்றம் தாங்காமல் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. நாற்றத்துக்குக் காரணம் கழிவு அல்ல, அதிலிருக்கும் தண்ணீர். பூசணித் தோல், வெள்ளரி, கீரைத்தண்டு எல்லாவற்றிலும் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அது வாளிக்குள் தேங்கினால் காற்று போக இடமிருக்காது. காற்றில்லாத இடத்தில் பெருகும் நுண்ணுயிர்கள்தான் அழுகல் வாடையைக் கிளப்புகின்றன. சென்னை கொடுங்கையூர் போன்ற குப்பைமேடுகளுக்குள் மீத்தேன் வாயு உண்டாவதும் இதே வழியில்தான். எனவே வாளி வாங்குவதற்கு முன் சருகு சேருங்கள்.

வேம்பும் புங்கையும் மாசி, பங்குனியில் இலை கொட்டும். அப்போதே இரண்டு கோணி நிறையச் சேர்த்து, மழை படாத இடத்தில் வைத்துவிட்டால் ஐப்பசி அடைமழையில் திண்டாட வேண்டாம். நாட்டுவாதாம் இலை பெரிது. கையால் நொறுக்கிப் போட வேண்டும், இல்லாவிட்டால் தட்டுத் தட்டாக ஒட்டிக்கொண்டு காற்றை அடைத்துவிடும். சருகு கிடைக்காத இடத்தில் தென்னை நார்த்தூள் போதும். 5 கிலோ கட்டியை ஊறவைத்தால் 60 லிட்டருக்கு மேல் வரும். ஆனால் இங்கே அதை ஊறவைக்கக் கூடாது. உலர்ந்தபடியே உதிர்த்துப் போட்டால்தான் ஈரத்தை இழுக்கும். மரத்தூள் வாங்கினால் பிளைவுட் அறுத்த தூளா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதில் பசை கலந்திருக்கும், வேண்டாம்.

நாலு பேர் உள்ள வீட்டில் நாளுக்கு ஏறக்குறைய அரைக் கிலோ காய்கறிக் கழிவு விழும் என்று வைத்துக்கொண்டால், 20 லிட்டர் பெயின்ட் வாளி மூன்று தேவை. எமல்ஷன் (தண்ணீரில் கலக்கும் பெயின்ட்) வாளியாகப் பார்த்து, நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். பக்கவாட்டில் நாலு விரல் இடைவெளி விட்டு 6 மி.மீ. துளைகள் நாலு வரிசை, அடியில் ஐந்தாறு துளைகள். டிரில் இல்லையென்றால் பழுக்கக் காய்ச்சிய ஸ்க்ரூடிரைவர் போதும். புகை கெடுதல் என்பதால் வெட்டவெளியில் செய்யுங்கள். துளைகளுக்கு உள்பக்கம் கொசுவலைத் துண்டை ஒட்டிவிட்டால் ஈ நுழையாது. இரண்டு செங்கல் மேல் வாளியை வைத்து, அடியில் ஒரு தட்டு. மழைச்சாரலும் நேர்வெயிலும் படாத மூலையாக இருக்கட்டும்.

வாளியின் அடியில் தேங்காய் மட்டைத் துண்டுகள் இரண்டு அங்குலம், அதன் மேல் சருகு மூன்று அங்குலம். இரண்டு கைப்பிடி பழைய உரம் அல்லது தோட்டத்து மண்ணைத் தூவி, உப்புப் போடாத புளித்த மோர் அரை டம்ளர் தெளித்தால் போதும். கடையில் விற்கும் நுண்ணுயிர்த் தூள் இல்லாமலே இது நடக்கும்.

தினசரி வேலை ஐந்து நிமிடம். கழிவை ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கி, ஓட்டைக் கூடையில் ராத்திரி முழுக்க வடியவிடுங்கள். காலையில் வாளியில் கொட்டி, ஒரு கிண்ணம் கழிவுக்கு ஒரு கிண்ணம் சருகு (நார்த்தூள் என்றால் அரைக் கிண்ணம்) போட்டு மூடுங்கள். மேலே ஒரு துளி பச்சைகூடக் கண்ணில் படக் கூடாது. மூன்று நாளுக்கு ஒருமுறை களைக்கொத்தால் அடிவரை கிளறுங்கள். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள்: விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு கசிந்து, கையைத் திறந்தால் உருண்டையாக நின்றால் சரி. தண்ணீர் ஒழுகினால் சருகு கூட்டுங்கள். உதிர்ந்துபோனால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள்.

காபி டிகாக்‌ஷன் மண்டியும் டீத்தூளும் அருமையான சரக்கு. பழுப்பு நிறம் என்பதால் சருகுக் கணக்கில் சேர்க்காதீர்கள்; தழைச்சத்து நிறைந்தவை, காய்கறிக் கழிவைப் போலப் பச்சைக் கணக்கில்தான் வரும். முட்டை ஓட்டைக் கழுவி நொறுக்கிப் போடலாம். சாமிக்குப் போட்ட பூமாலையையும் போடலாம், நைலான் நூலையும் ஜரிகையையும் உருவிய பிறகு. பழத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பிய்த்துவிடுங்கள், அது பிளாஸ்டிக். எண்ணெயும் உப்பும் சேர்ந்த சாம்பார் சாதம், பொரியல், மீன், கறி எதுவும் இந்தச் சின்ன வாளிக்கு ஆகாது. மாங்கொட்டையும் தேங்காய்ச் சிரட்டையும் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். அரிசி கழுவிய தண்ணீர் நேரே செடிக்குப் போகட்டும்.

வெள்ளைப் பூஞ்சை படர்ந்தால் பயப்படாதீர்கள், வேலை நடக்கிறது என்று அர்த்தம். அழுகின முட்டை வாடை வந்தால் உள்ளே காற்றில்லை: எல்லாவற்றையும் தாளில் கொட்டி, சருகு கலந்து, திரும்ப நிரப்புங்கள். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி என்றால் பச்சை மிஞ்சிவிட்டது, அதற்கும் சருகுதான். எறும்பு மொய்த்தால் வாளி காய்ந்திருக்கிறது. தட்டையாய், பழுப்பாய், அரை விரல் நீளப் புழுக்களைக் கண்டு வாளியையே தூக்கி எறிகிறவர்கள் உண்டு. அவை பெரும்பாலும் கறுப்பு சோல்ஜர் ஈயின் புழுக்கள். கடிக்காது, கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும். பிடிக்கவில்லையென்றால் சருகைக் கூட்டி ஈரத்தைக் குறையுங்கள், தானே குறைந்துவிடும்.

தட்டில் வடியும் கறுப்புத் தண்ணீரை டானிக் என்று கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் அது, உள்ளே ஈரம் கூடிவிட்டது என்ற புகார். பத்து மடங்கு தண்ணீர் கலந்து பூச்செடி வேரில் ஊற்றலாம். பறித்துத் தின்னும் கீரை மேல் தெளிக்க வேண்டாம்.

25, 30 நாளில் வாளி நிரம்பும். மேலே இரண்டு அங்குலம் சருகு போட்டு, தேதி எழுதி ஒட்டி ஓரமாக வையுங்கள். வாரம் ஒரு கிளறல், ஈரம் குறைந்தால் ஒரு தெளிப்பு. அடுத்த இரண்டு வாளிகளும் நிரம்புவதற்குள் முதல் வாளிக்கு ஐம்பது, அறுபது நாள் ஆகியிருக்கும். கறுத்து, பொலபொலவென்று, மழை பெய்த மண்ணின் வாசனை வந்தால் தயார். போட்ட காய் என்னவென்று இன்னும் அடையாளம் தெரிந்தால் தயாராகவில்லை. அவசரப்பட்டுத் தொட்டியில் கலந்தால் வேர் வெந்துபோகும். சலித்து, மேலே நின்ற கட்டிகளை அடுத்த வாளியில் பழைய உரத்துக்குப் பதிலாகத் தூவுங்கள்.

தொட்டியில் மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு உரம் போதும். சின்ன வாளிக்குள், கழிவோடு சேர்ந்து வந்த காய் விதையைக் கொல்லுமளவு சூடு ஏறுவதில்லை. அதனால் இந்த உரம் போட்ட ரோஜாத் தொட்டியில் பத்து நாளில் கூட்டமாக நாற்று முளைக்கும். முதல் இலை இரண்டும் பல செடிகளுக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும், உடனே பிடுங்காதீர்கள். அடுத்த ஜோடி இலை வந்ததும் நுனியைக் கசக்கி முகர்ந்து பாருங்கள்: தக்காளி என்றால் வாசனையிலேயே தெரிந்துவிடும்.