3,35,50,336: ஒரு பெரிய எண்ணைப் பிரித்துப் பார்க்கும் வழி

மூன்று கோடியே முப்பத்தைந்து லட்சத்து ஐம்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தாறு. இந்த எண் நிறைவெண்ணா, அதாவது தன்னை மீதியில்லாமல் வகுக்கும் எண்களை (வகுத்திகளை), தன்னைத் தவிர்த்துக் கூட்டினால் தானே வருமா என்று கண்டுபிடிக்கத் தாளும் பேனாவும் போதும்.

முதலில் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். 6, அதாவது இரட்டைப்படை எண். எனவே 2ஆல் வகுத்துக்கொண்டே போங்கள். 1,67,75,168, 83,87,584, 41,93,792 என்று இறங்கி, 12ஆவது முறையில் 8191 வரும். அது ஒற்றைப்படை, நிறுத்திவிடலாம். 2-ஐ 12 முறை பெருக்கினால் 4096. ஆக, நம் எண் 4096 × 8191.

அடுத்து, 8191 பகா எண்தானா? 91-இன் வர்க்கம் 8281. அதனால் 90 வரையுள்ள பகா எண்களைச் சோதித்தால் போதும். அதுவே இருபத்துநான்கு எண்கள். ஆனால் நல்ல குறுக்குவழி ஒன்று இருக்கிறது. 8191 என்பது 2¹³ − 1. அடுக்கில் உள்ள 13 ஒற்றைப்படைப் பகா எண் என்பதால், இதன் பகாக் காரணி எதுவானாலும் 2 × 13, அதாவது 26-இன் மடங்கோடு 1 கூட்டிய எண்ணாகத்தான் இருக்கும். 90-க்குள் அப்படி இருப்பவை 27, 53, 79 மட்டுமே. 27 பகா எண் அல்ல. 53ஆல் வகுத்தால் மீதி 29, 79ஆல் வகுத்தால் மீதி 54. சரி, 8191 பகா எண்தான். இருபத்துநான்கு வகுத்தல் இரண்டாகக் குறைந்துவிட்டது! எண்ணியலின் அழகை முதன்முதலாக உணர இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது வகுத்திகளைக் கூட்டுவோம். 1, 2, 4 என்று 4096 வரை உள்ள 13 எண்களின் கூடுதல் 8191. அதே 13 எண்களையும் 8191ஆல் பெருக்கினால் மீதி 13 வகுத்திகள் கிடைக்கும். மொத்தக் கூடுதல் 8191 × 8192 = 6,71,00,672. இதிலிருந்து நம் எண்ணைக் கழித்துப் பாருங்கள், திரும்பவும் 3,35,50,336 வருகிறது!

ஆக, நம் எண் நிறைவெண்தான். பழைய கிரேக்கர்களுக்கு 6, 28, 496, 8128 ஆகிய நான்கும் தெரியும். இது ஐந்தாவது. 2ᵖ − 1 பகா எண்ணானால் அதை 2ᵖ⁻¹ஆல் பெருக்க நிறைவெண் வரும் என்று பழங்காலக் கிரேக்கக் கணிதர் யூக்ளிட் நிறுவினார். இரட்டைப்படை நிறைவெண்கள் எல்லாமே இந்த வடிவில்தான் இருக்கும் என்று பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு சுவிட்சர்லாந்துக் கணிதர் ஆய்லர் நிறுவினார். ஒற்றைப்படையில் ஒரு நிறைவெண்ணாவது உண்டா என்ற கேள்விக்கு இன்னும் விடையில்லை.

இன்னொன்று, 1 முதல் 8191 வரை எல்லா எண்களையும் கூட்டினாலும் இதே எண்தான் வரும். ஆகவே இது முக்கோண எண்ணும்கூட. 0, 1 ஆகிய இரண்டு இலக்கங்களை மட்டும் கொண்ட இரும முறையில் எழுதினால் 13 ஒன்றுகள், அப்புறம் 12 பூச்சியங்கள்.

பயிற்சிக்கு 1024 × 2047-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2047 = 2¹¹ − 1, எனவே 2 × 11, அதாவது 22-இன் மடங்கோடு 1 கூட்டிச் சோதிக்க வேண்டும். முதலில் வரும் 23-ஏ மீதியில்லாமல் வகுத்துவிடும். 2047 = 23 × 89. தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டிப் பார்த்தால் எண்ணைவிட அதிகமாக, 23,25,392 வரும். அதனால் 20,96,128 நிறைவெண் அல்ல, மிகை எண்.