சுருக்குப்பை, துணித்தோடு, மணிக்காப்பு: உறவுகளுக்கும் தோழியருக்கும் கையால் செய்து கொடுக்க

நகை என்றதும் கொழும்புத் தமிழர் நினைவுக்கு வருவது செட்டியார் தெரு. உடுப்பு என்றால் வெள்ளவத்தையின் காலி வீதி. வீட்டில் இருந்துகொண்டு ஊசியும் நூலுமாய் நாம் செய்கின்ற சிறு பொருள் அந்தக் கடைகளோடு போட்டி போட வேண்டியதில்லை. ஆனால் அது பாவிக்கப்பட வேண்டும். மச்சாளுக்கோ மாமிக்கோ பாடசாலைத் தோழிக்கோ அன்போடு செய்து கொடுத்த பொருள்கள் பல இரண்டு மாதத்தில் அலுமாரியின் மூலைக்குப் போய்விடுகின்றன; நூல் பிரிந்திருக்கும், முடிச்சு அவிழ்ந்திருக்கும், ஒட்டிய பசை விட்டிருக்கும். ஆகவே இந்தச் செய்முறையில் வெளியே தெரியாத இடங்களுக்கே, அதாவது துணியின் உட்பக்கம், தையலின் நுனி, முடிச்சு ஆகியவற்றுக்கே, கூடுதல் நேரம் செலவிடப் போகிறோம். தையல் மெஷின் தேவையில்லை. இதுவரை பொத்தான் தைத்ததைத் தவிர வேறு தையல் வேலை அறியாதவரும் செய்யலாம்.

துணியும் கருவிகளும்

தொடங்குவதற்கு மிக நல்ல துணி கைத்தறிப் பருத்தி. அது ஊசிக்கு இணங்கும், மடித்தால் மடித்தபடி நிற்கும், கோடும் கட்டமும் இருப்பதால் நேராக வெட்டுவதும் எளிது. புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களில் துண்டுத் துணியாகவும் கிடைக்கும். அதைவிட அம்மம்மாவின் பழைய நூற்சேலையோ அப்பப்பாவின் கிழியாத சாரமோ வீட்டில் இருந்தால் அதையே எடுங்கள். பலமுறை துவைத்த துணி இனிச் சுருங்காது, சாயமும் போகாது என்பதோடு, பெறுகிறவர் அந்தத் துணியை அடையாளம் கண்டுகொள்வார் என்பதும் உண்டு. வழுக்கும் சாட்டின், நைலக்ஸ் வகைகளை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

புதுத் துணி வாங்குவதானால் 60 செ.மீ. வாங்கி, முதலில் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயப்போட்டு, அயன் செய்துவிடுங்கள். துவைக்காத துணியில் பை தைத்துக் கொடுத்தால், முதற் துவையலில் துணி சுருங்கி, சுருங்காத நூல் தையலை இழுத்துக் கோணலாக்கும்.

கருவிகளில் செலவு செய்ய வேண்டியது கத்தரிக்கோலுக்கு மட்டுமே. துணிக்கென்று ஒன்றை ஒதுக்கி, அதனால் கடதாசி வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றவை சாதாரணமானவை: 7 அல்லது 8ஆம் இலக்கக் கையூசி (இலக்கம் கூடக்கூட ஊசி மெல்லியதாகும்), பொலியெஸ்டர் நூல், அளவு நாடா, குண்டூசிகள், தையற்காரரின் சோக்குக்கட்டி, ஓர் ஊக்கு. நூலை ஒரு முழத்துக்கு மேல் வெட்ட வேண்டாம். நீளமான நூல் வேலையை விரைவாக்கும் என்று தோன்றும், உண்மையில் அது முறுக்கிச் சிக்கி இரட்டிப்பு நேரத்தைத் தின்றுவிடும். வெட்டிய நூலை ஒரு மெழுகுதிரியின் மீது ஒருமுறை இழுத்தெடுத்தால் சிக்கல் இன்னும் குறையும்.

சுருக்குப்பை

முடிந்த பின் 15 செ.மீ. அகலமும் 20 செ.மீ. உயரமும் உள்ள பை இது. தோடு, தொலைபேசிச் சார்ஜர், கோயிலுக்குக் கொண்டுபோகும் சில்லறை என எதையும் போடலாம். இதற்கு 18 செ.மீ. அகலமும் 48 செ.மீ. நீளமும் கொண்ட ஒரே துண்டு போதும்.

அந்தத் துண்டைச் சோக்குக் கோட்டின்படி வெட்டாமல் துணியின் இழையின்படியே வெட்டுவது நல்லது. வெட்ட வேண்டிய இடத்தில் ஓரத்தில் 1 செ.மீ. அளவுக்குக் கத்தரித்து, ஊசி நுனியால் ஒற்றை இழையைத் தூக்கிப் பிடித்து மெதுவாக இழுங்கள். துணி சற்றுச் சுருங்கிக்கொண்டு வரும்; இழை உருவிப்போன இடத்தில் மயிரிழை அகலத்தில் ஒரு வெளிச்சக் கோடு தெரியும். அந்தக் கோட்டின் மேலேயே கத்தரியை நடத்துங்கள். இடையில் இழை அறுந்தால், கோடு தெரியும் வரை வெட்டிவிட்டு, அங்கிருந்து அடுத்த நுனியைப் பிடித்து மறுபடி இழுக்கலாம். இப்படி வெட்டிய துண்டு எத்தனை முறை துவைத்தாலும் கோணாது. கண்ணளவில் வெட்டிய துண்டு முதல் நாள் நேராகத் தெரிந்தாலும் பின்னர் ஒரு பக்கம் சாயும்.

அடுத்து, நீளமான இரு ஓரங்களையும் துணியின் பின்பக்கமாக முதலில் அரை செ.மீ., பிறகு 1 செ.மீ. என இரண்டு மடிப்பாக மடித்து, அயன் செய்து, குண்டூசி குத்துங்கள். வெட்டிய விளிம்பு மடிப்புக்குள் மறைந்துவிடுவதால் கைத்தறி நூல் இனிப் பிரியாது. இந்த மடிப்பைத் தைக்கும்போது ஊசி துணியின் முன்பக்கத்தில் ஓரிரு இழைகளை மட்டும் கவ்விக்கொண்டு, பின் மடிப்பின் விளிம்பில் ஏற வேண்டும். தையலுக்குத் தையல் அரை செ.மீ. இடைவெளி விடலாம். முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் ஊசிமுனை அளவுப் புள்ளிகள் மட்டுமே தெரிய வேண்டும். நூலை இறுக்கி இழுத்தால் அந்த இடங்களில் குழி விழும்.

இப்போது அகலம் 15 செ.மீ. ஆகியிருக்கும். குறுகிய இரு முனைகளையும் முதலில் 1 செ.மீ., பிறகு 3 செ.மீ. என மடியுங்கள். கயிறு ஓடும் வாய் இதுதான். கயிறு ஒவ்வொரு முறையும் இந்தத் தையலைத்தான் இழுக்கும் என்பதால் இங்கே பின்தையல் போடுவது அவசியம். ஊசியை ஒரு தையல் நீளம் முன்னே வெளியே எடுத்து, பின்னோக்கி வந்து முந்தைய தையல் முடிந்த துளையிலேயே குத்தி, மறுபடி இரு தையல் நீளம் முன்னே எடுப்பதே பின்தையல். மெஷின் தையலைப்போல் இடைவெளி இல்லாத கோடாக வரும். ஒரு தையலுக்கு 3 மி.மீ. போதும். பக்க ஓரங்கள் முன்பே மடிக்கப்பட்டிருப்பதால், கயிறு நுழைகின்ற வாய்களில் பிசிர் எதுவும் நீட்டிக்கொண்டிராது.

துண்டை நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு இரண்டாக மடித்து, இரு வாய்களும் சமமாக வரும்படி வையுங்கள். அடி மடிப்பிலிருந்து தொடங்கி, இரு ஓரங்களின் விளிம்பு இழைகளை மட்டும் ஒன்றாகக் கவ்வி, 3 மி.மீ. இடைவெளியில் சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டு மேலே வாருங்கள். கயிறு ஓடும் மடிப்புக்குக் கீழே நிறுத்திவிட வேண்டும். அதையும் சேர்த்துத் தைத்தால் கயிறு நுழைய வழியிராது. பை முதலில் கிழியும் இடம் இந்த நிறுத்தும் புள்ளிதான். அங்கே ஒரே இடத்தில் மூன்று தையல் போட்டு, நூலை ஓரத்துக்குள் 2 செ.மீ. பின்னோக்கி ஓட்டிய பிறகே வெட்டுங்கள். முடிச்சை மட்டும் நம்பி நூலை ஒட்ட வெட்டுவது ஆகாது.

பையை நல்ல பக்கம் வெளியே வருமாறு புரட்டுங்கள். கயிறு தலா 55 செ.மீ. நீளத்தில் இரண்டு வேண்டும். முதலாவதை ஊக்கில் கோத்து, வலப்பக்கத்தில் நுழைத்து, இரு மடிப்புகளையும் சுற்றி மீண்டும் வலப்பக்கமே வெளியே எடுங்கள். இரண்டாவதை அவ்வாறே இடப்பக்கத்திலிருந்து ஓட்டுங்கள். இரண்டின் நுனிகளையும் தனித்தனியே முடிந்துவிட்டு இருபுறமும் ஒரே நேரத்தில் இழுத்தால் வாய் சீராகச் சுருங்கும். ஒற்றைக் கயிறு போட்டால் பை ஒரு பக்கமாகவே குவியும்.

மீந்த துணியில் 10 செ.மீ. அகலமும் 50 செ.மீ. நீளமும் உள்ள ஒரு பட்டி கிடைத்தால், அதை நீளவாக்கில் மடித்துத் தைத்துக் குழாயாகப் புரட்டி, உள்ளே 20 செ.மீ. இலாஸ்டிக் ஓட்டி, நுனிகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தைத்தால் கூந்தல் கட்டும் பட்டியாகும். பையின் துணியிலேயே இருந்தால் இரண்டும் ஒரு சோடிபோல அமையும்.

துணித்தோடு

இதற்கு 2 செ.மீ. விட்டமுள்ள தட்டையான பழைய பொத்தான்கள் இரண்டு, தட்டை முகப்புள்ள தோட்டுக் கம்பி ஒரு சோடி, சிறிது ஃபெல்ட் துணி ஆகியவை தேவை. கம்பி துருப்பிடிக்காத உருக்காலானதா என்று கேட்டு வாங்குங்கள். மலிவான முலாம் பூசிய கம்பி கொழும்பின் கடற்காற்றிலும் வியர்வையிலும் விரைவில் கறுக்கும். அதற்குள் நிக்கல் கலந்திருந்தால் பலருடைய காது சிவந்து அரிக்கும்.

துணியில் 3.6 செ.மீ. விட்டமுள்ள வட்டம் வெட்டி, விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே சிறு சிறு ஓட்டுத்தையல் (ஊசியை மேலும் கீழுமாக மாறி மாறிக் குத்தி முன்னே போகும் தையல்) போட்டு வட்டத்தைச் சுற்றி வாருங்கள். நூலை அறுக்காமல், பொத்தானை நடுவில் வைத்து இழுத்தால் துணி அதைச் சுற்றி இறுகும். கோட்டுத் துணியானால் இழுக்கும் முன் கோடு எந்தத் திசையில் நிற்கிறது என்று பாருங்கள். இரு தோடுகளிலும் அது ஒரே திசையில் இருக்க வேண்டும். பின்பக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து தையல் போட்டு நூலைக் கட்டுங்கள்.

பலர் இந்தக் கட்டத்தில் கம்பியைப் பசையால் ஒட்டி வேலையை முடித்துவிடுவார்கள். பசைத் துப்பாக்கியின் பசை சூட்டில் இளகும். மூடிவைத்த வாகனத்துக்குள் பகல் முழுதும் கிடந்தாலே கம்பி கழன்று வந்துவிடலாம். ஆகவே 1.8 செ.மீ. ஃபெல்ட் வட்டம் ஒன்றின் நடுவில் ஊசியால் துளையிட்டு, கம்பியின் முகப்பு பொத்தான் பக்கமும் கம்பி வெளிப்பக்கமும் இருக்கும்படி அதில் நுழையுங்கள். முகப்பில் சிறிது பசை தடவிப் பொத்தானின் பின்புறம் வைத்தபின், ஃபெல்ட்டின் விளிம்பைச் சுற்றித் துணியோடு தைத்துவிடுங்கள். பசை விட்டாலும் ஃபெல்ட் முகப்பைப் பிடித்துவைத்திருக்கும்.

மணிக்காப்பு

மரமணி, சிரட்டை மணி இரண்டும் இலேசானவை, இலாஸ்டிக்கை அறுப்பதில்லை. கண்ணாடி மணி வாங்கினால் துளையின் விளிம்பில் நூலை முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். நூல் மயிர்விட்டால் அந்த மணி இலாஸ்டிக்கையும் அறுக்கும்.

அளவில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. மணிக்கட்டின் சுற்றளவு 16 செ.மீ. என்றால் 16 செ.மீ. நீளத்துக்கு மணி கோத்தால் காப்பு கையை இறுக்கும். கோத்த மணிகளை வளையமாக வளைக்கும்போது உள்விளிம்பின் நீளம் குறைந்துவிடுவதே காரணம். எவ்வளவு குறையும் என்பது மணியின் விட்டத்தை 3.14ஆல் பெருக்கினால் தெரியும்: 6 மி.மீ. மணிக்கு ஏறத்தாழ 19 மி.மீ., 8 மி.மீ. மணிக்கு 25 மி.மீ. அதையும் சேர்த்தால் 16 செ.மீ. கைக்கு 6 மி.மீ. மணியில் 30, 8 மி.மீ. மணியில் 23 வேண்டும். ஆச்சரியப்படுத்த எண்ணி அளவு கேட்காமல் செய்கிறீர்களானால், அவருடைய கைக்கடிகாரப் பட்டியை அவர் வழக்கமாகக் கொளுவும் துளையில் பூட்டி, உட்சுற்றை நாடாவால் அளந்துகொள்ளலாம்.

0.8 மி.மீ. தடிப்புள்ள இலாஸ்டிக்கில் 35 செ.மீ. வெட்டி, கோக்கும் முன் மூன்று நான்கு முறை மெதுவாக இழுத்து விடுங்கள். இல்லையேல் அணிந்த சில நாளிலேயே அது நீண்டு, மணிகளுக்கிடையே நூல் தெரியும். ஒரு நுனியில் பசைநாடா ஒட்டிக்கொண்டு கோர்த்து வாருங்கள். பெரிய துளையுள்ள மணியைக் கடைசியாகக் கோருங்கள். இரு நுனிகளையும் சேர்த்து முதல் முடிச்சில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி, அடுத்து எதிர்த்திசையில் ஒரு சுற்று முடிந்து மறுபடி இறுக்குங்கள். முதற் சுற்று இரட்டையாக இருப்பதால் இறுக்கும் வரை அது வழுக்காது. முடிச்சின்மேல் நகைவேலைப் பசை ஒரு துளி போதும். சூப்பர் குளூ வேண்டாம், அது இலாஸ்டிக்கை விறைப்பாக்கி முடிச்சின் அருகிலேயே முறியச் செய்யும். காய்ந்ததும் நுனிகளை 3 மி.மீ. விட்டு வெட்டி, காப்பை மெல்ல இழுத்தால் முடிச்சு கடைசி மணியின் துளைக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மணிக்காப்பும் கயிற்றுப்பையும் கொடுக்க வேண்டாம். இலாஸ்டிக் அறுந்தால் மணிகள் வாய்க்குள் போகும். மற்றவர்களுக்குக் கொடுக்கும்போது தோட்டையும் காப்பையும் சுருக்குப்பைக்குள் வைத்து, குளிக்கும்போது காப்பைக் கழற்றிவிடவும் பையைக் குளிர்ந்த நீரில் துவைக்கவும் சொல்லுங்கள். எத்தனை கவனமாக முடிந்தாலும் இலாஸ்டிக் காலப்போக்கில் தளரும். ஆகவே அதே மணியில் இரண்டு மேலதிகமாகவும் 35 செ.மீ. இலாஸ்டிக் ஒன்றும் சிறு உறையில் போட்டு அந்தப் பைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். தளரும்போது காப்பை உங்களிடம் கொண்டுவந்தால் சில நிமிடங்களில் மறுபடி கோத்துக் கொடுத்துவிடலாம்.