தீர்க்கதரிசனத்துல தண்ணி வந்தா எப்படி வாசிக்கணும்

பைபிளோட தீர்க்கதரிசன புத்தகங்கள்ல தண்ணின்னு ஒரு வார்த்தைய பாத்த உடனே நிறைய பேர் வெளிப்படுத்தல் 17:15-க்கு ஓடிடுவாங்க, அங்க தரிசனத்துல வர்ற வேசி உட்கார்ந்திருக்கிற தண்ணீர்கள்னா ஜனங்களும் கூட்டங்களும் ஜாதிகளும் பாஷைக்காரரும்னு தூதனே சொல்லிட்டான், அதனால எங்க தண்ணி வந்தாலும் ஜனங்கள்தான்னு முடிச்சிடுறாங்க. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் வாசிச்சேன். எசேக்கியேல் 47-ல ஆலய வாசற்படி கீழ இருந்து வர்ற தண்ணிக்கு அதே அர்த்தத்த வச்சு பாத்தப்போதான் ஒண்ணுமே ஒட்டலன்னு புரிஞ்சது.

அதனால முதல்ல அந்த பகுதிக்குள்ளயே விளக்கம் இருக்கான்னு தேடுங்க. இருந்தா அத அந்த இடத்துக்கு மட்டும் வச்சுக்கோங்க, பைபிள் முழுக்க இழுத்துட்டு போகாதீங்க. விளக்கம் இல்லன்னா அந்த தண்ணி என்ன செய்யுதுன்னு கவனிங்க. பொங்கி வருதா, மெதுவா ஓடுதா, தேங்கி நிக்குதா, வத்திப்போகுதா, எங்க கிளம்பி எங்க போய் சேருது. என்னை கேட்டா பாதி அர்த்தம் இதுலயே கிடைச்சிடும்.

ஏசாயா 8:6-8 எடுத்துக்கோங்க. கூடவே மேப் ஒண்ணு திறந்து வைங்க. மெதுவாய் ஓடுகிற சீலோவாவின் தண்ணீர்கள்னு ஒண்ணு வருது, எருசலேம்லயே இருக்கிற கீகோன் ஊற்றுல இருந்து சத்தமில்லாம ஓடுற சின்ன வாய்க்கால் அது. அத ஜனங்க அசட்டை பண்ணினதால ஆறு பெருகி வரும்னு தீர்க்கதரிசி சொல்றார், அந்த ஆறு ஐபிராத்து (யூப்ரடீஸ்), அது யூதாவுல இல்ல, எங்கயோ வடக்க இருக்கு, அது அசீரியா ராஜான்னு 7-ம் வசனமே சொல்லிடுது. இப்போ ஒரு சின்ன வார்த்தைய பாருங்க: வெள்ளம் "கழுத்துமட்டும்" வரும். தலை மூழ்கல! கிமு 701-ல அசீரியா ராஜா சனகெரிப் யூதாவோட கோட்டை ஊர்கள பிடிச்சு எருசலேமையும் முற்றுகை போட்டான், ஆனா நகரத்த பிடிக்க முடியல. இத தெரிஞ்சுட்டு திரும்ப அந்த வசனத்த வாசிச்சா எனக்கு உடம்பு சிலிர்க்குது.

எசேக்கியேல் 47-க்கு நேரம் ஒதுக்கி உட்காருங்க. தரிசனத்துல அந்த ஆலயத் தண்ணி போற வழிய ஆயிரம் ஆயிரம் முழமா நாலு தடவை அளக்குறாங்க, ஆழம் கணுக்கால், முழங்கால், இடுப்பு, அப்புறம் நீந்தித்தான் போகணும், நடுவுல வேற ஆறு எதுவும் வந்து கலந்ததா எழுதியிருக்கல. அது போய் விழுற இடம் சவக்கடல், கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்கும் கீழ இருக்கு, உள்ள போன தண்ணி வெளிய போக வழியே கிடையாது, மீன் வாழாது. அதோட கரையில இருக்கிற என்கேதி பக்கம் மீன்காரங்க வலை விரிப்பாங்கன்னு சொல்றார்னா அன்னைக்கு கேட்டவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்! 11-ம் வசனத்தையும் விட்டுடாதீங்க, உளையான (சேறான) பள்ளங்கள் மட்டும் உப்பாவே நின்னுடும், ஏன்னு அங்க சொல்லல, அதனால நானும் அதுக்கு மேல எதுவும் சேக்குறதில்ல.

சகரியா 14:8-ல இதே மாதிரி ஜீவத்தண்ணி வருது, மாரியிலயும் கோடையிலயும் ஓடும்னு. கோடையில ஓடைகள் காஞ்சுபோற தேசத்துல சொன்ன வார்த்தை அது. எரேமியா 2:13-ல தண்ணி நிக்காத வெடிச்ச தொட்டியும் ஜீவத்தண்ணி ஊற்றும், ஏசாயா 44:3-ல தண்ணியும் ஆவியும் ஒரே வசனத்துல, யோவான் 7:39-ல ஜீவத்தண்ணின்னா ஆவியானவர்னு நேரடியாவே விளக்கம், இதெல்லாம் சேத்து வாசிங்க.

கடல் வந்தா மட்டும் கொஞ்சம் நிதானமா போங்க. தானியேல் 7-ல கடல்ல இருந்து ஏறி வர்ற மிருகங்கள் ராஜாக்கள்னு 17-ம் வசனம் சொல்லுது, ஆனா கடலுக்கு விளக்கம் இல்ல, அதனால கொந்தளிக்கிற ஜாதிகள்னு ஏசாயா 17:12-ஐ வச்சு நோட்டுல எழுதுறதா இருந்தா பென்சில்ல எழுதுங்க. பக்கத்துலயே வெளிப்படுத்தல் 13:1, 21:1, 22:1 மூணையும் எழுதி, அந்த கிளம்புற இடம் கேள்விய இங்கயும் கேளுங்க. மிருகம் ஏறி வந்த சமுத்திரம் புது பூமியில இல்லவே இல்ல, ஆனா சிங்காசனத்துல இருந்து புறப்படுற நதி இருக்கு.