ஏற்காடு மலைக்கிராமங்களில் குழந்தைகளுக்கு நடமாடும் பரிசோதனை: முகாம் நடத்தும் முறை

காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் முகாம் என்றால் காலை எட்டு மணிக்குள் ஊருக்குள் இருக்க வேண்டும். அதன் பிறகு அம்மாக்கள் எஸ்டேட்டுக்குப் போய்விடுவார்கள். அங்கன்வாடியில் குழந்தை இருக்கும். அது எந்த மாதத்தில் உட்கார்ந்தது, ராத்திரி இருமுகிறதா என்று சொல்ல ஆள் இருக்காது.

தேதியை அங்கன்வாடி டீச்சருக்கும் கிராம சுகாதார செவிலியருக்கும் ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டு, முந்தின நாள் மாலை மறுபடி நினைவூட்டுங்கள். அங்கன்வாடிப் பதிவேட்டை மட்டும் நம்பினால் போதாது. பாட்டியோடு வீட்டில் இருக்கும் இரண்டு வயதுப் பிள்ளையும், வெளியூரிலிருந்து வந்து எஸ்டேட் லைன் வீட்டில் தங்கியிருக்கும் குடும்பத்துப் பிள்ளையும் அதில் இருக்க மாட்டார்கள். மெலிந்த குழந்தைகள் பெரும்பாலும் அந்த விடுபட்ட வீடுகளில்தான் இருப்பார்கள்.

அரசின் ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய கார்யக்ரம் என்ற குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டம் 2013-ல் தொடங்கியது. அதன்படி நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இரண்டு முறை பார்க்க வேண்டும். தொண்டு நிறுவனமோ கல்லூரியோ முகாம் போடுவதானால் அந்தக் குழுவிடம் பேசிவிட்டுப் போடுங்கள். ஒரே பிள்ளையை ஒரே மாதத்தில் இரண்டு முறை ஊசியால் குத்தினால் அடுத்த முறை அம்மா கதவைத் திறக்க மாட்டார்.

ஒரு நாளைக்கு 30 குழந்தை போதும். ஆளுக்குப் பத்து நிமிடம் வேண்டும். அதற்கு மேல் கூட்டம் சேர்ந்தால் முதலில் கெடுவது அளவுதான்.

எடை மிஷினைத் தட்டையான தரையில் வைத்து, தெரிந்த எடை ஒன்றை, உதாரணமாக 5 கிலோ படிக்கல்லை, ஏற்றிப் பாருங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வந்த மிஷின் தப்பாகக் காட்டலாம். ஒவ்வொரு ஊரிலும் இதைச் செய்ய வேண்டும். ஸ்வெட்டர், குல்லா, செருப்பு எல்லாவற்றையும் கழற்றித்தான் எடை. குளிருக்கு அம்மா மறுப்பது நியாயம்தான். அறையைச் சாத்தி, கடைசி நிமிடத்தில் கழற்றி, உடனே போர்த்திவிடுங்கள். உயரம் எடுக்கும்போது இரண்டு வயதுக்குக் கீழே என்றால் படுக்க வைத்தும், மேலே என்றால் நிற்க வைத்தும் அளக்க வேண்டும். சின்னக் குழந்தை படுக்க மறுத்து நின்றபடி அளந்தால் 0.7 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்.

மேல்கைச் சுற்றளவை இடது கையில் எடுங்கள். முழங்கையை மடக்கி, தோள் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவே பேனாவால் குறியிட்டு, பிறகு கையைத் தொங்கவிட்டு நாடாவைச் சுற்ற வேண்டும். சதையை அழுத்தினால் குறைவாகக் காட்டும், தளர்த்தினால் மெலிந்த பிள்ளை தப்பிப்போகும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு, 11.5-லிருந்து 12.5-க்குள் மிதமானது. இரண்டு பாதத்தையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்திப் பாருங்கள். இரண்டிலும் குழி விழுந்து நின்றால் சுற்றளவு எவ்வளவாக இருந்தாலும் அன்றே மருத்துவமனை. கடும் குறைபாடுள்ள இந்தக் குழந்தைகளுக்கு முகாமிலேயே இரும்புச்சத்து சிரப்பைத் தொடங்கிவிடாதீர்கள். முதலில் தொற்றைக் கவனிக்க வேண்டும், இரும்பு பிறகு.

அடுத்தது ரத்தசோகை. மலையில் அதிகம் தப்பு நடப்பது இங்கேதான். உயரமான இடத்தில் காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் குறைவு என்பதால் உடம்பு ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்ளும். சேலம் நகரத்து அளவுகோலை ஏற்காட்டில் அப்படியே வைத்தால் ரத்தசோகை உள்ள குழந்தையும் சரியாக இருப்பதாகத் தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல்படி, சோதனையில் வந்த ஹீமோகுளோபின் அளவிலிருந்து (டெசிலிட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கில்) 500 முதல் 999 மீட்டர் வரை 0.4, 1,000 முதல் 1,499 வரை 0.8, 1,500 முதல் 1,999 வரை 1.1 கிராம் கழிக்க வேண்டும். கழித்து வருவது 6 முதல் 23 மாதக் குழந்தைக்கு 10.5-க்குக் கீழே, 2 முதல் 5 வயதுக்கு 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ஏற்காடு ஊர் சுமார் 1,500 மீட்டரில் இருக்கிறது. அங்கே மூன்று வயதுப் பிள்ளைக்கு 11.7 வந்தால் உண்மையில் அது 10.6. கணக்கில் எடுக்க வேண்டியது குழந்தை வாழும் ஊரின் உயரத்தை. சோதித்த இடத்தின் உயரத்தை அல்ல. நாகலூர், வெள்ளக்கடை, செம்மனத்தம் என்று ஒவ்வொரு ஊருக்கும் உயரத்தைப் பார்த்துப் படிவத்தின் மேலேயே எழுதிவையுங்கள்.

குத்துவதற்கு முன் கையைத் தேய்த்துச் சூடாக்குங்கள். குளிர்ந்த விரலில் ரத்தம் வராது. அதற்காகப் பிதுக்கினால் திசுநீர் கலந்து அளவு குறைந்துவிடும். ஸ்பிரிட் முழுக்க உலர்ந்த பிறகு நடுவிரல் அல்லது மோதிர விரலின் பக்கவாட்டில் குத்தி, முதல் சொட்டுகளைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். ஒரு வயதுக்குக் கீழே குதிகாலின் பக்கவாட்டில். பரிசோதனைப் பட்டை டப்பாவைத் திறந்து வைக்காதீர்கள். மூடுபனி நாளில் பட்டை ஈரம் இழுத்துக்கொள்ளும்.

கண்ணில் டார்ச் அடித்தால் இரண்டு கருவிழியிலும் வெளிச்சப் புள்ளி ஒரே இடத்தில் விழ வேண்டும். கருவிழியின் நடுவில் இருக்கும் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. இருமும் குழந்தைக்கு மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள்: 2 முதல் 11 மாதம் வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40, அந்த எண்ணிக்கையோ அதற்கு மேலோ வந்தால் டாக்டர். 18 மாதத்தில் நடக்கவில்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் ‘பெரியவனானா சரியாயிடும்’ என்று விடாமல் எழுதி அனுப்புங்கள். பேச்சு வராத பிள்ளைக்கு முதலில் காதைச் சோதிக்க வேண்டும்.

ரத்தசோகைக்கு டாக்டர் இரும்புச்சத்து மருந்து எழுதினால், மலம் கறுப்பாகப் போகும் என்பதை அப்போதே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் மூன்றாம் நாள் பாட்டில் மூலைக்குப் போய்விடும். பாலோடும் டீயோடும் கொடுக்கக் கூடாது. இரண்டு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவதுதான் எல்லாவற்றிலும் கடினம். ஒரு நாள் கூலி போகிறது, பஸ் செலவு வேறு. மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது? ‘பெரியாஸ்பத்திரிக்குப் போங்க’ என்று சீட்டு எழுதினால் அது வீட்டுக் கூரையில் செருகப்படும். எந்தத் துறை, எந்தக் கிழமை, எத்தனை மணிக்குள், கையில் என்ன கொண்டு போக வேண்டும் என்பதைச் சீட்டில் எழுதி, வாயாலும் சொல்லுங்கள். ஒரே ஊரின் மூன்று நான்கு குழந்தைகளை ஒரே நாளில் சேர்த்து, முடிந்தால் வண்டியில், கூட ஒரு ஆளோடு அனுப்புங்கள்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் மூன்று கட்டம் போடுங்கள்: அனுப்பியது, போய்ச் சேர்ந்தது, மறுபடி பார்த்தது. இரண்டாவது கட்டம் பத்து நாளாகக் காலியாக இருந்தால் அந்த வீட்டுக்குச் செவிலியரோடு போய்க் கேளுங்கள்.