ஆறாம் வகுப்பு முதல் பருவம்: வீட்டில் இருந்தே எப்படிக் கவனிப்பது

ஒவ்வொரு ஜூன் மாதமும் மதுரை செல்லூரில் எங்கள் வீட்டு மாடியில் நான் எடுக்கும் டியூஷனுக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் அம்மாக்கள் சொல்வது ஒன்றுதான். "அக்கா, இவனுக்கு இங்கிலீஷும் கணக்கும் மட்டும் பாத்துக்கங்க, மத்ததெல்லாம் அவனே படிச்சுக்குவான்." காலாண்டுப் பரீட்சை முடிந்து பேப்பர் வரும்போது அந்த "மத்ததில்"தான் மார்க் போயிருக்கும்.

காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஐந்தாவது வரைக்கும் பெரும்பாலும் ஒரே டீச்சர். பையன் எதில் தடுமாறுகிறான் என்பது அவருக்குத் தெரியும். ஆறாவதில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர். கணக்கு சார் கொடுத்த வீட்டுப்பாடம் அறிவியல் டீச்சருக்குத் தெரியாது, தமிழம்மா வைக்கிற டெஸ்ட் சமூக அறிவியல் சாருக்குத் தெரியாது, ஆக ஐந்து பாடத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கிற ஒரே ஆள் வீட்டில் இருக்கிற நீங்கள்தான். நீங்கள் எட்டாவதோடு நிறுத்தியவராக இருந்தாலும் பரவாயில்லை, சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, என்ன நடக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டு சரியான கேள்வியைக் கேட்டால் போதும்.

முதலில் மார்க் கணக்கு. 2012-13 முதல் தமிழ்நாட்டில் முப்பருவ முறை நடக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை முதல் பருவம், டிசம்பர் வரை இரண்டாவது, அதற்கப்புறம் மூன்றாவது. ஒரு பாடத்துக்கு நூறு மார்க் என்றால் கடைசியில் எழுதும் பரீட்சைக்கு 60தான். மீதி 40 வகுப்பில் செய்யும் செயல்பாடுகளுக்கும் சின்னச் சின்னத் தேர்வுகளுக்கும். 91 அல்லது அதற்கு மேல் வந்தால் ஏ1 என்ற முதல் கிரேடு. அதாவது பரீட்சையில் அறுபதுக்கு அறுபதே எடுத்தாலும் செயல்பாட்டில் கோட்டை விட்டால் ஏ1 கிடைக்காது. இந்த 40 மார்க்கைத்தான் பலர் கடையில் விற்கிற தெர்மாகோல் மாடலை வாங்கிக் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். இருநூறு ரூபாய் கொடுத்து வாங்கிய சூரியக் குடும்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு பையனிடம் இதில் பூமி எது என்று கேட்டேன், சனியைக் காட்டினான். வளையம் அழகாக இருந்ததாம்.

சரி, வேலைக்கு வருவோம். புத்தகம் கைக்கு வந்த அன்றே ஐந்து பாடத்தின் பொருளடக்கத்தையும் ஒரே தாளில் எழுதச் சொல்லுங்கள். பிள்ளைதான் எழுத வேண்டும். (2018ல் வந்த சமச்சீர்ப் புத்தகத்தை வைத்துச் சொல்கிறேன்.) எழுதி முடித்துப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். கணக்கில் பேரெண்கள், விகிதம். அறிவியலில் முதல் பாடமே அளவீடுகள். தமிழ் இலக்கணத்தில் மாத்திரை, அதாவது எழுத்தை ஒலிக்கும் நேர அளவு. சமூக அறிவியலில் சிந்துவெளி, பண்டைய நகரங்கள் என்று ஆயிரக்கணக்கான ஆண்டுகளை எண்ண வேண்டிய வேலை. எல்லாமே அளப்பது பற்றித்தான். இதை எந்தப் பாட ஆசிரியரும் தனியாகச் சொல்ல வாய்ப்பில்லை. பிள்ளைக்கு இது பிடிபட்டுவிட்டால் பாதிப் பாரம் குறையும்.

அளவீட்டைப் பூவில் ஆரம்பியுங்கள். மதுரையில் இருந்துகொண்டு வேறு எங்கே போக? பூக்காரம்மா கையை மடக்கி முழம் போடுகிறார், முழங்கையில் இருந்து நடுவிரல் நுனி வரை. பக்கத்துக் கடை அம்மாவுக்குக் கை நீளம், அங்கே வாங்கினால் இரண்டு கண்ணி பூ கூட வரும். வீட்டுக்கு வந்து டேப்பை வைத்து உங்கள் முழத்தையும் பிள்ளையின் முழத்தையும் அளக்கச் சொல்லுங்கள். என் முழம் 43 சென்டிமீட்டர். என்னிடம் படிக்கிற ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 36, 37 வருகிறது. "ஒரே முழம், எப்படி ரெண்டு அளவு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். எல்லாருக்கும் பொதுவான அளவு ஏன் வேண்டும் என்று புத்தகம் சொல்வதை அவனே சொல்லிவிடுவான். அப்படியே ஸ்கேல் பிடிப்பதையும் கவனியுங்கள். பாதிப் பிள்ளைகள் ஒன்றில் இருந்து அளக்க ஆரம்பிக்கிறார்கள், பூஜ்யத்தில் வைக்க வேண்டும். தலையைச் சாய்த்துக்கொண்டு பார்ப்பது அடுத்த தப்பு, கண் அந்தக் கோட்டுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். இடமாறு தோற்றப் பிழை என்று புத்தகத்தில் இருப்பது இதுதான், பேரைக் கேட்டுப் பயப்பட ஒன்றும் இல்லை.

விகிதத்துக்கு மாவு. பல வீடுகளில் இட்லிக்கு நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து, 4:1. இதையே 1:4 என்று மாற்றி எழுதினால் என்ன ஆகும் என்று கேளுங்கள், சிரிப்பான், அப்புறம் வரிசையை மாற்றவே மாட்டான். ஆனால் பரீட்சையில் மார்க் போவது இதில் இல்லை. "300 கிராமுக்கும் 1 கிலோவுக்கும் விகிதம் என்ன" என்று கேட்டால் 300:1 என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டையும் கிராமாக மாற்றி 300:1000, சுருக்கினால் 3:10. மளிகைக் கடை ரசீதை வைத்துக்கொண்டு கிலோவும் கிராமும் கலந்த பத்துக் கேள்வி கேட்டால் இந்தத் தப்பு ஒரே வாரத்தில் போய்விடும். விகிதம் ஒழுங்காக வராத பிள்ளை அடுத்தடுத்த வகுப்பில் சதவீதம், வட்டி என்று எல்லாவற்றிலும் தடுமாறும் என்பதால் முதல் பருவத்துக் கணக்கில் நான் அதிக நாள் செலவழிப்பது இதில்தான்.

பேரெண்களுக்கு ஒரே ஓர் எண் போதும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதுரை மாவட்டத்தின் மக்கள்தொகை 30,38,252. நம் முறையில் முப்பது லட்சத்து முப்பத்தெட்டாயிரத்து இருநூற்று ஐம்பத்திரண்டு. பன்னாட்டு முறையில் அதே எண் 3,038,252, மூன்று மில்லியனில் தொடங்கும். எண் மாறவில்லை, கமா உட்காரும் இடம்தான் மாறியது. இதே எண்ணை ஆயிரத்துக்கு, லட்சத்துக்கு முழுமையாக்கச் சொல்லுங்கள், அந்தப் பகுதியும் முடிந்தது.

இயற்கணிதம் என்றதும் எக்ஸ், ஒய்யைப் பார்த்துப் பெற்றோர்தான் முதலில் மிரள்கிறார்கள். இந்த வயதில் அது விலை தெரியாத பொருளுக்கு வைக்கிற பேர், அவ்வளவுதான். பரோட்டா ஒன்று எக்ஸ் ரூபாய் என்றால் நாலு பரோட்டா நாலு எக்ஸ், பார்சலுக்கு ஐந்து ரூபாய் சேர்த்தால் நாலு எக்ஸ் கூட்டல் ஐந்து. கடை மாறினால் எக்ஸ் மாறும், அதனால்தான் அதற்கு மாறி என்று பேர்.

புள்ளியியலுக்குக் காகிதத்தோடு வாசலில் உட்காரவையுங்கள். பத்து நிமிடத்தில் எத்தனை டூவீலர், ஆட்டோ, மினி பஸ் போகிறது என்று கோடு போட்டு எண்ண வேண்டும். நாலு கோடு நின்றதும் ஐந்தாவது குறுக்கே விழ வேண்டும். ஐந்து நிற்கவைத்து ஆறாவதைக் குறுக்கே போடுகிற பிள்ளை நிறைய. வடிவியலில் கோணமானியை எந்தப் பக்கத்துப் பூஜ்யத்தில் இருந்து படிக்கிறான் என்று மட்டும் பாருங்கள். 60 பாகைக்கு 120 என்று எழுதினால் பக்கம் மாறிவிட்டது என்று அர்த்தம்.

அறிவியலில் விசைக்கு நமக்குச் சித்திரைத் தேர் இருக்கிறது. வடம் பிடித்து இழுப்பது ஒரு விசை, சக்கரத்தடியில் கட்டை போட்டு நிறுத்துவது இன்னொன்று, இரண்டுமே தொட்டுச் செய்வது. தொடாமலே இழுப்பது காந்தமும் புவியீர்ப்பும். சராசரி வேகத்துக்குப் பஸ். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் ஏறி 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊருக்கு முக்கால் மணி நேரத்தில் போனால் மணிக்கு 40 கிலோமீட்டர். "நடுவுல பஸ் அறுபதுல போச்சே, அப்ப எப்படி நாப்பது?" என்று பிள்ளை கேட்டால் சந்தோஷப்படுங்கள், சராசரி என்ற சொல் மண்டைக்குள் போய்விட்டது.

கலவைகளைப் பிரிப்பது முழுக்க அடுக்களை வேலைதான், அரிசியில் கல் பொறுக்குவது, மாவு சலிப்பது, டீ வடிகட்டுவது, மோர் கடைந்து வெண்ணெய் எடுப்பது. இதற்கு ஒரு மாலை போதும், எது ஏன் அந்த முறையில் பிரிகிறது என்று கேட்டால் சரி. தாவரப் பாடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கண்மாய்க் கரைக்குக் கூட்டிப் போங்கள். ஆகாயத்தாமரை தண்ணீரில் மிதக்கும், தாமரைக்கு வேர் அடியில் சேற்றில் இருக்கும், பேர் இரண்டிலும் தாமரை இருப்பதால் குழப்பிக்கொள்கிறார்கள். சத்துக் குறைபாட்டு நோய்களை மட்டும் மனப்பாடம்தான் செய்ய வேண்டும். வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண், பி1க்கு பெரிபெரி, சிக்கு ஸ்கர்வி, டிக்கு ரிக்கெட்ஸ். வேறு வழி எனக்கும் தெரியவில்லை.

சமூக அறிவியலில் பிள்ளைகளைச் சாய்ப்பது கி.மு.தான். 2500 பெரிய எண், அப்போது அது பின்னால்தானே வந்திருக்கும் என்று நினைக்கிறார்கள். கி.மு. என்று போட்டாலும் பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன்) என்று போட்டாலும் குழப்பம் ஒன்றே. நான் செய்வது இது: தரையில் ஒரு டைல்ஸ் கோட்டைப் பூஜ்யமாக வைத்து, ஒரு டைல்ஸுக்கு ஐந்நூறு ஆண்டு. இடது பக்கம் ஐந்து டைல்ஸ் நடந்தால் சிந்துவெளி நகரங்கள் செழித்திருந்த காலம். அங்கிருந்து திரும்பி நாலு டைல்ஸ் வந்தால் கீழடிக்குச் சொல்லப்படும் கி.மு. 6ஆம் நூற்றாண்டு, கோட்டுக்கு ஒரு டைல்ஸ் முன்னால். கோட்டைத் தாண்டி வலது பக்கம் மூன்று டைல்ஸும் கொஞ்சமும் போனால் 1636, திருமலை நாயக்கர் மகால். காலால் நடந்த பிள்ளை பரீட்சையில் முன்பின் மாற்றி எழுதுவதை நான் பார்த்ததில்லை.

கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தது. மதுரையில் இருந்து அரைமணி, முக்கால் மணி நேரப் பயணம்தான், சிவகங்கை மாவட்டம். போனால் எல்லாவற்றையும் காட்டி இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். பானை ஓட்டில் கீறிய தமிழி (பழங்காலத் தமிழ்) எழுத்து முன்னால் மட்டும் பத்து நிமிடம் நில்லுங்கள், தெரிந்த எழுத்து ஏதாவது தென்படுகிறதா என்று தேடட்டும். பண்டைய நகரங்கள் பாடத்தில் நம் ஊரும் வருகிறது, பகல் கடைத்தெரு நாளங்காடி, இரவுக் கடைத்தெரு அல்லங்காடி. நடுராத்திரியில் மாட்டுத்தாவணியில் இறங்கி இட்லி சாப்பிட்ட பிள்ளைக்கு அல்லங்காடியை விளக்க வேண்டுமா என்ன?

புவியியலில் பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்திருக்கிறது என்று ஒரு வரி. அதை நேரில் பார்க்க இந்தப் பருவத்துக்குள்ளேயே ஒரு நாள் கிடைக்கிறது. அந்தச் சாய்வால்தான் சூரியன் நேர் உச்சிக்கு வரும் இடம் ஆண்டு முழுக்க வடக்கும் தெற்குமாக நகர்கிறது, ஆகஸ்ட் கடைசி வாரத்தில் அது மதுரைக்கு வரும், 26, 27 தேதி வாக்கில். அன்றைக்கு 12:20 வாக்கில் மொட்டை மாடியில் ஒரு குச்சியை நேராக நிறுத்தினால் நிழல் அடியிலேயே ஒடுங்கிவிடும். கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்து இருபது நிமிடம் கழித்து உச்சி வருவது ஏன் என்றும் கேட்பார்கள். நம் கடிகார நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டை வைத்து, நாம் இருப்பது அதற்கு மேற்கே, 78 பாகைக் கோட்டுக்குப் பக்கத்தில், அதனால் சூரியன் நமக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உச்சிக்கு வரும். மேகம் மூடினால் மறுநாள் பாருங்கள், பெரிய வித்தியாசம் இருக்காது. பள்ளிக்கூட நாளாக இருந்தால் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அந்த 40 மார்க்குக்கான செயல்பாடாகவே எடுத்துக்கொள்ளக் கேட்கலாம்.

தமிழுக்கு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கும் ஆய்தத்துக்கும் அரை. கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை. மல்லி என்றால் ஒன்று, அரை, ஒன்று, ஆக இரண்டரை. அம்மா மூன்றரை. வீட்டில் எல்லார் பேருக்கும் கணக்குப் போடச் சொல்லுங்கள், கூட்டலும் ஆயிற்று, இலக்கணமும் ஆயிற்று. எழுத்துப் பிழைக்கு மட்டும் நம் ஊர்ப் பேச்சுக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. வாளப்பளம் என்றே கேட்டு வளர்ந்த பிள்ளை அப்படியேதான் எழுதும். திட்டுவதைவிடத் தினமும் ஒரு பத்தியைச் சத்தமாக வாசிக்க வைப்பது பலன் தருகிறது, நீங்கள் சமைத்துக்கொண்டே கேட்கலாம். ஆங்கிலத்துக்கும் அதே மருந்து. ஒன்று மட்டும், ஆங்கிலச் சொல்லுக்கு அடியில் அதன் உச்சரிப்பைத் தமிழில் எழுதிவைத்துக்கொண்டு வாசிக்கிறானா என்று புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள், அந்தத் தமிழைத்தான் வாசித்துக்கொண்டிருப்பான்.

உரைநூல் வாங்கலாமா என்று கேட்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் கடைசி இரண்டு வாரத்துக்கு முன்னால் கையில் கொடுக்காதீர்கள். முதலிலேயே கொடுத்தால் பாடத்தைப் படிக்கவே மாட்டார்கள்.

பரீட்சை முடிந்து லீவு விட்டு அக்டோபரில் வந்ததும் இரண்டாம் பருவப் புத்தகம் வந்துவிடும், முதல் பருவத்தில் இருந்து கேள்வியே வராது. அதனால் பலர் பழைய புத்தகத்தை அன்றைக்கே பழைய பேப்பர் கடையில் போட்டுவிடுகிறார்கள். போடாதீர்கள். இரண்டாம் பருவத்துக் கணக்கில் அளவைகள் வருகிறது, கிலோவும் கிராமும் மறுபடியும் வந்து நிற்கும். அப்போது அந்த விகிதப் பாடத்தையும், ஓரத்தில் பிள்ளை எழுதிவைத்த மளிகைக் கணக்கையும் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும்.