மலைநாட்டு வீட்டின் கராஜ் கதவுக்கு ஏற்ற மோட்டரைத் தெரிவு செய்தல்

நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் புதிதாக வீடு கட்டுபவர்கள், மழையில் இறங்கி நனையாமல் வாகனத்துக்குள் இருந்தபடியே ரிமோட்டை அழுத்திக் கராஜ் கதவைத் திறக்க விரும்புவது இயல்பே. ஆனால் கடைக்குப் போனதும் “எத்தனை கிலோ தூக்கும்?” என்ற ஒரே கேள்வியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மலையைச் சரிவாக வெட்டிய மனையும், மாதக்கணக்கில் காயாத ஈரமும், மரம் விழுந்தால் அறுந்துபோகும் மின்கம்பியும் உள்ள நம் ஊருக்கு அந்த ஒரு கேள்வி போதாது. கரண்ட் இல்லாத இரவில், வெளியே நிற்கும் ஒருவர் இந்தக் கதவை எப்படித் திறப்பார் என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

2022 மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நீண்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஏறக்குறைய எல்லா மோட்டர்களிலும், மோட்டரைக் கதவிலிருந்து விடுவிக்கும் கயிறோ, கையால் இழுக்கும் சங்கிலியோ இருக்கும். ஆனால் அது கராஜின் உட்புறத்தில்தான் தொங்கும். வீட்டுக்குள்ளிருந்து கராஜுக்குச் செல்ல வேறொரு வாசல் இருந்தால் கவலையில்லை. வீதி மட்டத்தில் கராஜைத் தனியாகக் கட்டி, வீட்டைப் படியிறங்கிக் கீழே அமைத்திருப்பவர்களுக்கு அந்தக் கயிறு எட்டாது. என் வீடும் அப்படிப்பட்டதுதான். ஒரு முழு இரவு வாகனத்தை வீதியோரத்தில் விட்ட பிறகே, வெளியிலிருந்து சாவி போட்டு மோட்டரை விடுவிக்கும் பூட்டு ஒன்று உண்டென்பதை அறிந்தேன். அதை மோட்டரோடு சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது, உங்கள் கதவு எந்த வகை என்பது. இலங்கையில் அதிகம் காணப்படுவது மேலே சுருண்டு ஏறும் ரோலர் கதவு. அதில் கையால் தூக்குவதற்காக உருளைக்குள் ஸ்பிரிங் வைத்தது ஒரு வகை. ஸ்பிரிங் இல்லாமல் மோட்டரை மட்டும் நம்பிக் கட்டியது இன்னொரு வகை. முன்னதற்கு உருளையின் நடுவே பொருந்தும் மோட்டர் ஏற்றது. பின்னதற்கு உருளைக் குழாயினுள்ளே செல்லும் மோட்டரோ, பக்கச் சுவரில் பொருத்திச் செயினால் உருளையைச் சுழற்றும் மோட்டரோ வேண்டும். ஸ்பிரிங் இல்லாத கதவின் முழுப் பாரமும், கரண்ட் போன நேரத்தில் கைச்சங்கிலியை இழுப்பவரிடமே வந்து சேரும் என்பதால், வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு ஸ்பிரிங் உள்ள கதவையே நான் சொல்வேன்.

பலகை பலகையாக மடிந்து கூரையோரம் படுக்கும் கதவுக்கும், ஒரே தட்டாக மேலே சாயும் கதவுக்கும், கூரையில் தண்டவாளம் பொருத்தி இழுக்கும் மோட்டர் பொருந்தும். இங்கேதான் அளவுநாடா அவசியமாகிறது. கதவு மேலேறும்போது அதன் உச்சி எட்டும் இடத்துக்கும் கூரைக்கும் இடையில் தண்டவாளம் அடங்குமளவு இடைவெளி வேண்டும். ஏழு அடி உயரக் கதவென்றால், கராஜின் உள்நோக்கி மூன்று மீட்டருக்கு மேல் நீளமும் வேண்டும். குறுக்கே கொங்கிறீட் உத்தரம் ஓடுகிறதா என்பதையும் பாருங்கள். இடமில்லையென்றால், பலகைக் கதவின் ஸ்பிரிங் தண்டை நேரடியாகச் சுழற்றும், பக்கச் சுவரில் பொருத்தும் மோட்டர் உண்டு. பழைய தோட்டத்துப் பங்களாக்களில் இருக்கும் இரட்டை மரக்கதவுகளுக்குக் கைபோல் மடிந்து தள்ளும் மோட்டர்கள் கிடைக்கின்றன. ஆனால் கதவு திறக்கும் பக்கம் நிலம் மேடாக ஏறினால், பாதி வழியிலேயே கதவின் அடி தரையில் தட்டும்.

மோட்டரின் வலுவைத் தீர்மானிப்பதற்கு முன், ஸ்பிரிங் உள்ள கதவாயின் அதன் சமநிலையைச் சோதித்தாக வேண்டும். கதவைக் கையால் இடுப்பளவு உயர்த்தி மெதுவாக விடுங்கள். அங்கேயே நின்றால் ஸ்பிரிங் சரி. தடாலென விழுந்தாலோ தானாக மேலேறினாலோ, முதலில் ஸ்பிரிங்கைச் சீர்செய்ய வேண்டும். சமநிலை கெட்ட கதவுக்கு எவ்வளவு பெரிய மோட்டரைப் போட்டாலும் அதன் பற்சக்கரம் விரைவில் தேய்ந்துவிடும். அந்த ஸ்பிரிங்கை நீங்களே கழற்றப் பார்க்க வேண்டாம். முறுக்கேறிய ஸ்பிரிங் கையை முறித்துவிடும். கொழுந்து நிறுக்கும் தொங்கு தராசு போன்ற ஒன்றைக் கதவின் கைப்பிடியில் மாட்டி மேல்நோக்கி இழுத்தால், தூக்குவதற்குத் தேவைப்படும் விசை தெரியும். பத்துக் கிலோ காட்டினால் அது ஏறக்குறைய 100 நியூட்டன். தண்டவாள மோட்டர்களின் பெட்டியில் 600, 800, 1000 நியூட்டன் என்றெல்லாம் எழுதியிருப்பதைப் பார்த்தால், சீரான வீட்டுக் கதவுக்குச் சிறியதே போதும் என்பது விளங்கும். ஸ்பிரிங் இல்லாத ரோலர் கதவுக்கு மட்டுமே 300 கிலோ, 600 கிலோ என்ற கணக்கு பொருந்தும். கதவைச் செய்த வெல்டிங் பாஸிடம் அதன் பாரத்தைக் கேட்டு, கொஞ்சம் மிச்சம் விட்டு வாங்குங்கள்.

இந்த மிச்சத்துக்கு இங்கே தனிக் காரணம் உண்டு. மின்கம்பித் தொடரின் கடைசியில் இருக்கும் வீடுகளில், மாலையில் எல்லோரும் சமைக்கும் நேரம் மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து நன்றாகக் கீழிறங்குவதுண்டு. சாதாரண ஏசி மோட்டரின் சுழற்று வலு மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறையும். 180 வோல்ட்டில் அது ஐந்தில் மூன்று பங்காகச் சுருங்கிவிடும். மதியம் இலகுவாக ஏறிய கதவு இரவு ஏழு மணிக்கு முனகிக்கொண்டு பாதியில் நிற்பது இதனால்தான். 24 வோல்ட் டீசி மோட்டரில் இரண்டு 12 வோல்ட் பட்டரிகளைத் தொடராக இணைக்கும் வசதி பெரும்பாலும் இருப்பதால், மின்வெட்டிலும் சில தடவை திறந்து மூடலாம். அது மெதுவாகத் தொடங்கி மெதுவாக நிற்பதால் சத்தமும் குறைவு. கராஜுக்கு மேலேயோ கீழேயோ படுக்கையறை இருந்தால், செயினுக்குப் பதிலாகப் பெல்ட் இழுக்கும் வகையை எடுங்கள். கணினிக்கு வைக்கும் சிறிய யூபிஎஸ் ஏசி மோட்டரை இயக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஈரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கே மோட்டர்கள் பாரத்தால் பழுதாவதைவிடத் துருவால் பழுதாவதே அதிகம் என்பது என் எண்ணம். பெட்டியில் ஐபி என்ற எழுத்துகளோடு இரண்டு இலக்கங்கள் இருக்கும். முதலாவது தூசுக்கும் இரண்டாவது நீருக்கும் உரிய பாதுகாப்பைக் காட்டும். இரண்டாவது இலக்கம் 4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். மூன்று பக்கமும் சுவருள்ள கராஜுக்கு அது போதும், சாரல் நேரே அடிக்கும் இடமென்றால் 5 தேடுங்கள். வயர்கள் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் கீழ்ப்பக்கமாகவே நுழைய வேண்டும். மேலே ஓட்டை போட்டால் வயர் வழியே நீர் வடிந்து சர்க்கிட்டில் இறங்கும். அந்த ஓட்டைகளை அடைக்கவும் தவற வேண்டாம். வெதுவெதுப்பைத் தேடும் எறும்புக்கும் பல்லிக்கும் அந்தப் பெட்டியைவிட நல்ல இடம் கிடையாது.

மார்ச், ஏப்ரல் மாதங்களிலும், ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி மின்னல் கடுமையாக இருக்கும். எனவே மோட்டருக்குத் தனியான 13 ஆம்பியர் சொக்கெட்டும், மின்னெழுச்சித் தடுப்பும், ஒழுங்கான எர்த் கம்பியும், ட்ரிப் சுவிட்சின் பாதுகாப்பும் இருக்கட்டும்.

பாதுகாப்புக்கு வருவோம். அமெரிக்காவில் 1993 முதல், வீட்டுக் கராஜ் மோட்டர்கள் தடையை உணர்ந்து திரும்பும் ஏற்பாட்டோடுதான் விற்கப்பட வேண்டும் என்று சட்டம் உண்டு. இங்கே விற்கப்படும் மலிவான ரோலர் மோட்டர்களில் அது இல்லாமலேயே இருக்கலாம். பிள்ளைகளும் நாயும் நடமாடும் வீட்டுக்கு, கதவின் இரு பக்கமும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் பொருத்தும், குறுக்கே ஏதும் நிற்பதை ஒளிக்கதிரால் உணரும் ஒளிக்கண் அவசியம். நுவரெலியாப் பக்கம் மூடுபனி உள்ளே புகுந்து ஒளிக்கண்ணின் கண்ணாடியில் படிந்தால், குறுக்கே ஏதோ நிற்பதாக எண்ணிக் கதவு மூட மறுக்கும். அப்போது துணியால் துடைத்தாலே போதும். எரிச்சலில் ஒளிக்கண்ணைத் துண்டித்துவிடச் சொல்லாதீர்கள்.

ரிமோட்டில் ஒவ்வொரு தடவையும் இரகசிய எண் மாறும் வகையையே வாங்குங்கள். உள்ளே சிறிய சுவிட்சுகளைத் தள்ளி எண்ணை நிர்ணயிக்கும் பழைய வகையை, அதை ஒரு தடவை கையில் வாங்கிப் பார்க்கும் எவரும் பிரதி செய்துகொள்ளலாம்.

பொருத்தி முடிந்ததும், மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன், நாலு சென்ரிமீட்டர் தடிப்புள்ள பலகைத் துண்டொன்றை வாசலில் படுக்கவைத்துக் கதவை மூடிப் பாருங்கள். பலகையில் பட்டதும் அது திரும்பி மேலேற வேண்டும். பிறகு மெயின் சுவிட்சை அணைத்து, பட்டரி இணைத்திருந்தால் அதையும் கழற்றிவிட்டு, பொருத்தியவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து, வீட்டிலேயே வலுக் குறைந்தவரிடம் சாவியைக் கொடுத்துக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள்.